ஒன்றும் நடக்காத இரவு: ஹேரியட் டப்மனும் டிவி நாடகமும்

1978 டிசம்பர் 11, 12. ஒரு திங்கள், ஒரு செவ்வாய். அமெரிக்காவின் என்பிசி சேனல் இந்த இரண்டு இரவுகளில் ‘எ வுமன் கால்டு மோசஸ்’ என்ற குறுந்தொடரை ஒளிபரப்பியது. மோசே என்று பெயர் வாங்கிய அந்தப் பெண் ஹேரியட் டப்மன். மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்து, 1849ல் தப்பி ஓடி, அப்புறம் விட்டுவந்த அதே ஊர்ப்பக்கம் திரும்பத் திரும்ப நுழைந்து ஆட்களை வெளியே கொண்டுவந்தவர். அவராக நடித்தவர் சிசிலி டைசன். கதை சொல்லும் குரல் ஆர்சன் வெல்ஸுடையது. திரைக்கதை லோன் எல்டர், இயக்கம் பால் வென்ட்கோஸ்.

முந்தைய ஆண்டு ஜனவரியில்தான் ‘ரூட்ஸ்’ எட்டு இரவுகள் ஓடி நாட்டையே டிவி முன் உட்கார வைத்திருந்தது. அடிமை வாழ்க்கையை வீட்டு ஹாலுக்குள் கொண்டுவந்தாலும் ஜனங்கள் பார்ப்பார்கள் என்று சேனல்காரர்களுக்கு உறைத்திருந்த நேரம். டைசனும் 1974லேயே மிஸ் ஜேன் பிட்மனாக நடித்து எம்மி வாங்கியவர். இந்தப் பாத்திரத்துக்கு அவரை விட்டால் வேறு யார் என்கிற நிலைமை. அவர் நடிப்பில் எனக்குக் குறை இல்லை. என் கேள்வி வேறு. டப்மன் செய்த வேலை டிவி நாடகத்துக்குள் அடங்குகிற வேலைதானா?

நாடகம் என்றால் ஏதாவது நடந்தாக வேண்டும். துரத்த வேண்டும், நாய் குரைக்க வேண்டும், மயிரிழையில் தப்ப வேண்டும். டப்மனின் வேலையோ எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வது. ஏதாவது நடந்துவிட்டால் அவர் தோற்றுவிட்டார் என்று அர்த்தம். அடிமைகளை ரகசியமாக வடக்கே கொண்டுபோன வழிகளுக்கும் உதவிய ஆட்களுக்கும் சேர்த்து ‘அண்டர்கிரவுண்ட் ரயில்ரோடு’ என்று பெயர். தன் ரயில் ஒருநாளும் தடம்புரண்டதில்லை, ஒரு பயணியைக்கூடத் தொலைத்ததில்லை என்று வயதான காலத்தில், பெண்கள் வாக்குரிமைக் கூட்டம் ஒன்றில், அவரே பெருமையாகச் சொன்னார். தடம்புரளாத ரயிலைப் பற்றி யார் படம் எடுப்பார்கள்?

இதைப் பொதுவாகப் பேசிக்கொண்டிருப்பதைவிட ஒரே ஒரு பயணத்தை எடுத்து அக்கக்காகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. 1854 கிறிஸ்துமஸ் பயணம். அவர் செய்த பயணங்களில் தடயம் நன்றாக மிஞ்சியிருப்பவற்றில் ஒன்று இது.

கடிதம்

பின்னணி சுருக்கமாக. டப்மனின் சகோதரர்கள் பென், ராபர்ட், ஹென்றி மூவரும் மேரிலாந்தின் கிழக்குக் கரையில் எலைசா பிரோடெஸ் என்ற விதவையின் உடைமை. கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு மூவரையும் விற்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. தெற்கே பருத்திக் காட்டுக்கு விற்றுவிட்டால் அதோடு சரி, திரும்ப முகத்தில் விழிக்க முடியாது. டப்மனின் அக்காமார் மூன்று பேர் அப்படிப் போனவர்கள்தான்.

டப்மனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஃபிலடெல்ஃபியாவில் ஒருவரிடம் சொல்லி ஒரு கடிதம் எழுதவைத்தார். அது போய்ச் சேர வேண்டிய ஆள் ஜேகப் ஜாக்சன். சுதந்திரமான கறுப்பினத்தவர், மாட்டு வைத்தியம் தெரிந்தவர், படிக்கத் தெரிந்தவர். அனுப்பியவர் பெயராக வடக்கே போய்விட்ட ஜாக்சனின் வளர்ப்பு மகன் பெயரைப் போட்டார்கள். உள்ளே வீட்டு விசேஷங்கள்தான் இருந்தன. நடுவில் ஒரு வரி: பெரியவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்; சீயோன் கப்பல் அந்தப் பக்கம் வரும்போது ஏறிக்கொள்ளத் தயாராக, ஜெபத்தில் விழித்திருக்கும்படி சகோதரர்களிடம் சொல்லுங்கள்.

கறுப்பினத்தவருக்கு வரும் கடிதத்தை வெள்ளைக்காரர்கள் முதலில் பிரித்துப் படிப்பார்கள். படித்தவர்களுக்கு ஒரு சந்தேகம். அந்த வளர்ப்பு மகனுக்குப் பெற்றோரும் கிடையாது, உடன்பிறப்பும் கிடையாதே, இது யாருக்கு எழுதியது? ஜாக்சனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் கடிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்த நொடியே விஷயம் பிடிபட்டுவிட்டது. ஆனால் இது எனக்கு வந்ததாக இருக்காது, தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை என்று சொல்லி, கடிதத்தைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டார். அங்கிருந்து நேராகச் சகோதரர்களிடம் போய்த் தயாராக இருக்கச் சொன்னார்.

ஒரு சீனுக்கு வேண்டியது எல்லாம் இதில் இருக்கிறது. ஆனால் கதாநாயகி இல்லை. அவர் அந்த நேரத்தில் பல மைல் தொலைவில் இருக்கிறார். டப்மன் கதையில் டிவி முட்டிக்கொள்ளும் முதல் இடம் இது. அவருடைய மீட்புகளில் மிகச் சிறந்த தருணங்கள் பலவற்றில் அவரே கிடையாது.

இன்னொன்றும் உண்டு. 1850 டிசம்பர், கேம்பிரிட்ஜ் ஊரின் நீதிமன்ற வாசலில் டப்மனின் அக்கா மகள் கெஸையாவையும் அவள் இரண்டு பிள்ளைகளையும் ஏலம் விட்டார்கள். ஏலத்தில் ஜெயித்தவர் கெஸையாவின் சொந்தக் கணவர் ஜான் பௌலி, சுதந்திரமான கப்பல் தச்சர். பணம் கட்டக் கூப்பிட்டபோது ஆளைக் காணோம். ஏலக்காரர் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் மனைவி மக்களைப் பக்கத்திலேயே ஒரு வீட்டில் ஒளித்துவைத்து, அப்புறம் படகில் ஏற்றி விரிகுடா வழியாக பால்டிமோருக்குக் கொண்டுபோய்விட்டார். டப்மன் காத்திருந்தது பால்டிமோரில். திட்டத்தில் அவர் பங்கு உண்டு, ஆனால் கேமராவை வைத்தால் அது பௌலி மேல்தான் விழும். ஒரு நட்சத்திரத்தை நம்பி எடுக்கிற தொடரில் இந்த மாதிரி சீனை எந்தத் தயாரிப்பாளர் விரும்புவார்?

கொட்டகை

கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை இரவு கிளம்புவதாக ஏற்பாடு. சனிக்கிழமை என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை யாரும் வேலைக்குத் தேட மாட்டார்கள். ஓடிப்போனவரைப் பற்றிப் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க வேண்டுமென்றால் திங்கள் ஆகிவிடும். குளிர்காலம் என்பதிலும் கணக்கு: இரவு நீளம், ஜனங்கள் வீட்டுக்குள். போகிற ஆட்களோடு குழந்தை இருந்தால் அழாமலிருக்க அபின் கலந்த மருந்து கொடுத்துத் தூங்கவைப்பார். தொடர்களில் சதுப்புநிலமும் தீப்பந்தமும் வரும் இடத்தில், உண்மையில் இருந்தது இப்படிப்பட்ட கணக்குதான்.

குறித்த இடத்துக்கு ராபர்ட் வரவில்லை. அவர் மனைவி மேரிக்குப் பிரசவ வலி. டப்மன் யாருக்காகவும் காத்திருப்பதில்லை என்பது அவர் வைத்திருந்த சட்டம். அண்ணன் என்றாலும் அதேதான். மற்றவர்களோடு கிளம்பிவிட்டார். ராபர்ட் வீட்டில், கூலி வேலை தேடிப் போகிறேன் என்று எதையோ சொல்லிப் பார்க்கிறார். மேரிக்குப் புரிந்துவிடுகிறது, இவர் போகப்போகிறார் என்று. பெண் குழந்தை பிறக்கிறது. ராபர்ட் அழுகிற மனைவியை விட்டு இருட்டில் நடக்கிறார். விடிந்த பிறகு, பாப்லர் நெக் என்ற இடத்தில் தன் அப்பா குடிசைக்கு அருகே இருந்த தீவனக் கொட்டகையில் மற்றவர்களைப் பிடித்துவிட்டார். பிறந்த அந்தப் பெண்ணுக்கு ஹேரியட் என்று பெயர் வைத்தார்கள்.

கொட்டகைக்குள் மூன்று சகோதரர்கள், டப்மன், பென்னைக் கட்டிக்கொள்ளவிருந்த ஜேன் கேன், ஜான் சேஸ், பீட்டர் ஜாக்சன். ஜேனின் எஜமானர் கல்யாணத்துக்குச் சம்மதிக்காதவர். அதனால் அவள் ஆண் உடை போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

சற்றுத் தள்ளி குடிசையில் அம்மா ரிட். கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகள் சாப்பிட வருவார்கள் என்று பன்றி அடித்து விருந்து தயாராக வைத்திருக்கிறார். வாசலுக்கு வந்து கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பாதையைப் பார்க்கிறார், உள்ளே போகிறார், மறுபடி வருகிறார். பிள்ளைகள் கொட்டகைப் பலகையின் இடுக்கு வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். டப்மன் அம்மாவைப் பார்த்து அப்போது ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் அம்மாவிடம் சொல்ல முடியாது. தெரிந்தால் சந்தோஷத்திலோ, பிரியும்போது துக்கத்திலோ சத்தம் போட்டுவிடுவார். அதனால் அம்மாவுக்கு முகம் தெரியாத இரண்டு பேரை, சேஸையும் ஜாக்சனையும், அனுப்பி அப்பாவை மட்டும் வெளியே கூப்பிட்டார்கள்.

பென் ராஸ் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். பிள்ளைகள் முகத்தைப் பார்க்காமல் கதவிடுக்கு வழியாக உள்ளே தள்ளினார். நாளைக்கு எஜமானர்கள் வந்து விசாரிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். பொய் சொல்லாதவர் என்று ஊரில் பேர் வாங்கியவர். கிளம்பும் இரவில் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, இருபுறமும் பிள்ளைகள் கையைப் பிடிக்க, கொஞ்ச தூரம் கூட நடந்தார். பிறகு நின்று, காலடிச் சத்தம் தேய்ந்து மறைகிற வரை காத்திருந்து, கட்டை அவிழ்த்துவிட்டுத் திரும்பினார். விசாரணை வந்தபோது இந்தக் கிறிஸ்துமஸுக்கு என் பிள்ளைகளில் ஒருவரையும் நான் பார்க்கவில்லை என்றார். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

இந்தப் பயணத்தில் யாரும் யாரையும் சுடவில்லை. நாய் வரவில்லை. டெலாவேரின் வில்மிங்டனில் இரும்பு வியாபாரம் செய்த, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த தாமஸ் காரெட்டிடம் போய்ச் சேர்ந்தார்கள் (1978 தொடரில் இவராக நடித்தவர் வில் கீர்). காரெட் டிசம்பர் 29 அன்று எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது: ஹேரியட் டப்மனையும் ஆறு ஆண்களையும் ஒரு பெண்ணையும் அனுப்பிவைத்தோம், ஹேரியட்டுக்கும் ஆண்களில் ஒருவருக்கும் செருப்பு காலோடு தேய்ந்து போயிருந்தது, இரண்டு டாலர் கொடுத்தேன் என்கிறார். தேய்ந்துபோன செருப்பு. இந்தப் பயணம் எவ்வளவு கடினமானது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டாம்.

ஃபிலடெல்ஃபியாவில், தப்பி வந்தவர்களுக்கு உதவிய கறுப்பினத்தவர் வில்லியம் ஸ்டில் தன் நோட்டில் ஒவ்வொருவர் பெயரையும் எழுதிக்கொண்டார். பழைய பெயர், புதுப் பெயர், வயது, எஜமானர் எப்படிப்பட்டவர் எல்லாம். சகோதரர்கள் மூவரும் ஸ்டூவர்ட் ஆனார்கள். அங்கிருந்து கனடா, செயின்ட் கேத்தரின்ஸ். 1850ல் வந்த சட்டத்துக்குப் பிறகு வட மாநிலங்களிலும் பிடித்துத் திருப்பி அனுப்பலாம் என்று ஆகிவிட்டதால், எல்லை தாண்டினால்தான் நிம்மதி.

எண்ணிக்கைத் தகராறு

டப்மன் என்றாலே 19 பயணம், 300 பேர் என்று ஒரு கணக்கு பள்ளிப் பாடப் புத்தகம்வரை ஓடிக்கொண்டிருக்கிறது. இது சேரா பிராட்ஃபோர்டு என்ற எழுத்தாளர் போட்ட கணக்கு. டப்மனுக்குக் கடன் தொல்லை, வீட்டைக் காப்பாற்றப் பணம் வேண்டும் என்று 1860களின் கடைசியில் அவசரமாக எழுதி வெளியிட்ட வாழ்க்கை வரலாறு அது. நல்ல எண்ணத்தில் செய்த காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் டப்மன் 1858, 59 காலத்துக் கூட்டங்களில் தானே சொன்னது எட்டு அல்லது ஒன்பது பயணம், ஐம்பது அறுபது பேர். அதற்குப் பின் நடந்தவற்றையும் சேர்த்து ஆய்வாளர்கள் இப்போது சொல்வது சுமார் 13 பயணம், சுமார் 70 பேர். அவர் சொல்லிக்கொடுத்த வழியில் தாங்களாகவே தப்பியவர்கள் இன்னும் ஐம்பதுக்கு மேல். அவர் தலைக்கு 40,000 டாலர் விலை வைத்தார்கள் என்பதும் கதை. 1849 அக்டோபரில் எலைசா பிரோடெஸ் கொடுத்த நிஜ விளம்பரத்தில் ‘மின்ட்டி’ (டப்மனின் இளவயதுப் பெயர்), வயது சுமார் 27, உயரம் 5 அடி. மாநிலத்துக்கு வெளியே பிடித்தால் நூறு டாலர், உள்ளே பிடித்தால் ஐம்பது.

இதற்காக 1978 தொடரை மட்டும் பிடித்துத் திட்டுவது நியாயமில்லை. அது ஒரு நாவலை வைத்து எடுத்தது. ஆதாரம் தேடி எழுதிய பெரிய வாழ்க்கை வரலாறு 1943ல் ஒன்று வந்தது. அதற்கடுத்து அந்த மாதிரிப் புத்தகங்கள் வர 2003, 2004 ஆகிவிட்டது. அறுபது வருஷ இடைவெளி! அந்த இடைவெளிக்குள் உட்கார்ந்து திரைக்கதை எழுதியவருக்கு அந்த 1943 புத்தகத்தை விட்டால் பிராட்ஃபோர்டும் சிறுவர் கதைகளும்தான். 70 பேர் என்பது குறைவு என்று நினைப்பவர்கள் மேலே சொன்ன கொட்டகையை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். ஒரே ஒரு பயணத்துக்கு ஒரு கடிதம், ஒரு நாடகம், ஒரு கண்கட்டு, ஒரு பிரசவம், இரண்டு ஜோடி செருப்பு. இப்படிப் பதின்மூன்று.

துப்பாக்கி விஷயமும் இதே மாதிரி. டப்மன் கைத்துப்பாக்கி வைத்திருந்தார், நடுவழியில் திரும்பிப் போகிறேன் என்றவரிடம் நட இல்லாவிட்டால் சாவு என்று காட்டினார், இதெல்லாம் உண்மை. திரும்பிப் போகிறவர் வாயைத் திறந்தால் வழியில் உதவிய அத்தனை பேரும் மாட்டுவார்கள். ஆனால் பதிவுகளில் ஓரிரு வரியாக இருக்கும் இந்தத் துப்பாக்கி படம் வரைகிறவர் கைக்குப் போனால் பாதிப் படத்தை அடைத்துக்கொள்கிறது. துப்பாக்கியும் வெடியும்தான் வேண்டும் என்றால் 1863 ஜூன் 2 இருக்கிறது. உள்நாட்டுப் போர் நடுவே, தென் கரோலினாவின் கம்பாஹீ ஆற்றில் கர்னல் மான்ட்கோமரியின் கறுப்பினப் படையோடு நீராவிப் படகுகளில் போய், ஒரே நாளில் 700க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு வந்தார். பத்து வருஷ ரயில்ரோடு வேலையைப்போல் பத்து மடங்கு. அதை நன்றாக எடுக்கப் பெரிய பட்ஜெட் வேண்டும், அது வேறு விஷயம்.

டிவி கண்ட விடை

டப்மன் டிவிக்கு வந்தது 1978ல் முதல்முறை அல்ல. 1963 இலையுதிர்காலத்தில் சிபிஎஸ் தொடர் ஒன்றின் ஒரு எபிசோடில் ரூபி டீ அவராக வந்தார். ரூபி டீயும் கணவர் ஆஸி டேவிஸும் அந்த ஆகஸ்டில்தான் வாஷிங்டன் பேரணி மேடையில் நின்றவர்கள். ஆனால் நான் மேலே கேட்ட கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது 2017 ஏப்ரல் 12 அன்று. டபிள்யூஜிஎன் அமெரிக்கா சேனலின் ‘அண்டர்கிரவுண்ட்’ தொடர், இரண்டாவது சீசன், ஆறாவது எபிசோட். பெயர் ‘மின்ட்டி’. விளம்பரத்தில் எஜமானி போட்ட அதே பெயர்.

கிட்டத்தட்ட எபிசோட் முழுக்க டப்மனாக வரும் ஐஷா ஹைண்ட்ஸ், அடிமை ஒழிப்புக்காரர்கள் கூடிய ஒரு கூட்டத்தின் முன்னால் நின்று பேசுகிறார். அவ்வளவுதான். ஃபிளாஷ்பேக் இல்லை, காடு இல்லை, துரத்தல் இல்லை. மாதிரி சொல்ல வேண்டுமென்றால் ஒற்றை ஆள் கதாகாலட்சேபம். முதலில் பார்த்தபோது பத்து நிமிஷத்தில் சீன் மாறும் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். மாறவில்லை. கொஞ்ச நேரத்தில் எதிர்பார்ப்பதை மறந்துவிட்டேன். வன்முறை தவறா சரியா, ஆயுதம் ஏந்தி அடிமைமுறையை ஒழிக்கக் கிளம்பிய ஜான் பிரவுன் பக்கம் போவதா வேண்டாமா என்று அவர் தனக்குள்ளேயே வாதாடிக்கொண்டு போவதுதான் கதை. முடிவில் அவர் பேச்சு அந்தக் கூட்டத்தைத் தாண்டி டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் வந்துவிடுகிறது. அந்த இடம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகத் தோன்றியது. அதுவரை நான் நம்பிக்கொண்டிருந்த அந்தக் கூட்டம் நடந்த இடம் சட்டென்று ஸ்டுடியோ ஆகிவிட்டது.

ஆனால் வடிவம் சரி, வரலாற்றின்படியும் சரி. படிக்கத் தெரியாத டப்மன் உண்மையிலேயே 1858, 59ல் இப்படிக் கூட்டங்களில் நின்று கதை சொல்லித்தான் பணம் திரட்டினார். 1859 ஆகஸ்டில் பாஸ்டன் கூட்டம் ஒன்றில் பாதுகாப்புக்காக ‘ஹேரியட் கேரிசன்’ என்ற பெயரில் பேசினார். பாடுவார், நடித்துக் காட்டுவார். கோழிகளைப் பறக்கவிட்டுத் துரத்துகிற மாதிரி பாவனை செய்து பழைய எஜமானர் கண்ணில் படாமல் தப்பிய கதையெல்லாம் நமக்குக் கிடைத்தது அவர் வாய்வழியாகத்தான். டப்மனைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பாதி, அவரே முன்பு மேடையில் நடித்த நாடகம். ‘மின்ட்டி’ எடுத்தவர்கள் அந்த மேடையைத்தான் திரும்பப் போட்டார்கள். வழியில் எதுவும் நடக்கவில்லை, நடந்ததெல்லாம் சொல்லும்போதுதான்.

நட்சத்திரத்தை வைத்து எடுக்கிற தொடர்களுக்கு இருக்கும் இன்னொரு சங்கடம் வில்லியம் ஸ்டில்லின் புத்தகத்திலேயே இருக்கிறது. 1872ல் தன் நோட்டுகளைப் புத்தகமாக அச்சடித்தபோது டப்மனைப் பற்றி எழுதினார்: தெற்கின் பண்ணைக் கூலிகளில் ரொம்பவும் பாவப்பட்ட தோற்றமுள்ளவர்களிடையே தேடினாலும் இவரைவிடச் சாதாரணமான ஓர் ஆளைக் காண்பது கஷ்டம் என்று. அடுத்த மூச்சிலேயே தைரியத்திலும் சூட்சுமத்திலும் இவருக்கு இணை கிடையாது என்கிறார். ஐந்தடி உயரம். பதின்வயதில், வேறு ஒருவர் மேல் எறிந்த இரண்டு பவுண்டு எடைக்கல் நெற்றியில் பட்டதால் பேசிக்கொண்டே இருக்கும்போது தூங்கி விழுகிற வியாதி. தலையில் துணி, தளர்ந்த நடை. பக்கத்தில் போனாலும் திரும்பிப் பார்க்கத் தோன்றாத முகம் அவர் வைத்திருந்த ஆயுதம். டைசனின் முகத்தைத் திரும்பிப் பார்க்காமல் யாரால் போக முடியும்?

அந்தக் கிறிஸ்துமஸுக்கு மூன்று வருஷம் கழித்து, 1857ல், டப்மன் மறுபடி அந்தப் பக்கம் போனார். அப்பா பென் இதற்கிடையில் இருபது டாலர் கொடுத்து மனைவி ரிட்டை விலைக்கு வாங்கியிருந்தார். சட்டப்படி இருவரும் சுதந்திரமானவர்கள். ஆனால் தப்பி வந்தவர்களுக்கு இடம் கொடுத்தார் என்று பென்னைக் கைது செய்யப்போகிறார்கள் என்ற பேச்சு. வயதானவர்களால் நடக்க முடியாது. ஒரு கிழட்டுக் குதிரை, வைக்கோலில் முறுக்கிய கழுத்துப்பட்டை, பழைய வண்டிச் சக்கரம் இரண்டு, அச்சின் மேல் உட்கார ஒரு பலகை, கால் வைக்கக் கயிற்றில் தொங்கும் இன்னொரு பலகை. இதையும் எழுதிவைத்தவர் காரெட்தான். அந்த வண்டியில் அம்மாவும் அப்பாவும் வடக்கே போனார்கள்.

1854ல் கொட்டகையை விட்டுக் கிளம்புவதற்கு முன் பிள்ளைகள் குடிசை ஜன்னல்வரை ஓசைப்படாமல் போய் எட்டிப் பார்த்திருந்தார்கள். உள்ளே ரிட் அடுப்புத் தீயின் முன் உட்கார்ந்திருந்தார். வாயில் சுங்கான், கையில் தலையைத் தாங்கியபடி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே தன் பிள்ளைகளில் நான்கு பேர் நிற்பது அவருக்குத் தெரியாது.